ஔவையாரைத் தேடினால் பாதிதான் கிடைக்கிறார்!

உங்கள் கம்ப்யூட்டரில் தமிழில் டைப் செய்த பழைய கோப்பு ஏதாவது இருந்தால், அதைத் திறந்து வைத்துக் கொண்டு இந்தக் கட்டுரையைப் படியுங்கள். முகவரிப் பட்டியல், கல்யாணப் பத்திரிகை, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் என்று எதுவானாலும் சரி.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு சிறிய நூலகம் இருக்கிறது. அதன் நூல் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் நானும் உதவி வருகிறேன். பட்டியலில் ஒரு பகுதியை டைப்பிங் சென்டர் ஒன்றில் கொடுத்து வாங்கினோம். மீதியை உறுப்பினர்களே வீட்டில் டைப் செய்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு 'ஔவையார்' என்று தேடினால், நான்கைந்து நூல்கள்தான் வந்து நின்றன. அலமாரியில் ஆத்திசூடி உரைகள் மட்டுமே அதைவிட அதிகம். நூலகத்தைப் பார்த்துக் கொள்ளும் ஐயா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஔவையார் ஒருத்தர் இல்ல, பல பேர்னு வகுப்புல சொல்லிக் கொடுத்திருக்கேன் தம்பி. அதை உங்க கம்ப்யூட்டரும் படிச்சிடுச்சா?" என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னாலும், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது உண்மை. எங்கள் பட்டியலில் இரண்டு ஔவையார்கள் இருந்தார்கள். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ஒரே தோற்றம், வேறு வேறு எண்கள்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலகம் முழுவதும் ஒப்புக் கொண்ட பட்டியல்தான் யூனிகோடு. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'க' என்றால் 2965. 'ஔ' என்ற உயிரெழுத்துக்கு 2964. 'ஒ' 2962, 'ள' 2995.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 'ஔ' என்பதை 2964 என்ற ஒற்றை எண்ணாக எழுதுவதே முறை. ஆனால் 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்தாலும் திரையில் அதே தோற்றம் வந்துவிடுகிறது. நமக்கு ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கோ முதலாவது ஓர் எழுத்து, இரண்டாவது இரண்டு எழுத்து. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

இந்தப் பழக்கம் தட்டச்சு எந்திரத்தில் இருந்து வந்தது. அதில் ஔகாரக் குறிக்கென்று தனி விசை கிடையாது, ளகர விசையையே பயன்படுத்த வேண்டும். காகிதத்தில் அச்சாகும் வரை அதில் எந்தத் தொல்லையும் இல்லை. காகிதத்தில் யாரும் 'சர்ச்' கொடுப்பதில்லையே! ஆனால் கை பழகிவிட்டது. டைப்ரைட்டிங் வகுப்பில் பயின்றவர்கள் கம்ப்யூட்டருக்கு வந்தபோது அதே பழக்கத்தைக் கொண்டு வந்தார்கள். எங்கள் டைப்பிங் சென்டர் பகுதி முழுவதும் 'ஒ'வும் 'ள'வுமாகத்தான் இருந்தது.

உங்கள் கோப்பில் எது இருக்கிறது என்று தெரிந்து கொள்ள எளிய வழி உண்டு. விண்டோஸில் அந்த எழுத்துக்கு வலப்பக்கம் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் விசையை ஒரு முறை அழுத்துங்கள். எழுத்து மொத்தமாக மறைந்தால் அது அசல் 'ஔ'. 'ஒ' மட்டும் மிஞ்சினால் அது பெரும்பாலும் ளகரம் ஒட்ட வைத்த போலி. 'மௌனம்' என்ற சொல்லில் முதல் எழுத்தின் பின்னால் அழுத்திப் பாருங்கள். 'ம' மிஞ்சினால் சரி. 'மெ' மிஞ்சினால் உங்கள் மௌனத்துக்குள் ஒரு ளகரம் ஒளிந்திருக்கிறது.

இதிலாவது டைப் செய்பவரின் பழக்கத்தைக் குறை சொல்லலாம். தரத்தின் உள்ளேயே இரண்டு வழி திறந்து வைக்கப்பட்ட இடங்களும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை 'க'வுக்குப் பின் 3018 என்ற ஒரே குறியாக எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாக 3014, 3006 என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு சொல்கிறது. அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரும் முறைக்கு நார்மலைசேஷன் என்று பெயர். ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் தேடும் முன் இதைச் செய்துவிடும். அவசரமாக எழுதப்பட்டது செய்யாது. வீட்டில் இருந்து நமக்குத் தெரிவது 'பெயர் இல்லை' என்ற பதில் மட்டும்தான்.

'ஸ்ரீ'யின் கதை இன்னும் விசித்திரமானது. ஆரம்பத்தில் அதை ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்ற நான்கு எண்களாக எழுத வேண்டும் என்று இருந்தது. 2005-ல் வெளிவந்த யூனிகோடு 4.1-ல் 'ஶ' என்ற எழுத்து 2998 என்ற எண்ணில் புதிதாகச் சேர்ந்தது. வடமொழியில் இந்தச் சொல் அந்த ஶகரத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே இனிமேல் ஸகரத்துக்குப் பதில் ஶகரத்தில் தொடங்கி எழுதுவதே முறை என்று ஆயிற்று. ஆனால் அதற்குள் பழைய முறையில் ஏராளமாக எழுதியாகிவிட்டது. எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் ஒரே நாளில் மாறவில்லை. இன்று இரண்டும் புழக்கத்தில் உள்ளன, பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன. ஸ்ரீதர், ஸ்ரீவித்யா, ஸ்ரீரங்கம் என்று பெயரோ ஊரோ கொண்டவர்களுக்கு ஆவணங்களில் இரண்டு அடையாளம் வர வாய்ப்பு உண்டு. நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைக்காமல் போனால் அலமாரியில் தேடிக் கொள்ளலாம். வாக்காளர் பட்டியலிலோ நிலப் பதிவிலோ உங்கள் பெயரைத் தேடி 'இல்லை' என்று வந்தால் எந்த அலமாரியில் தேடுவது?

எண்ணைத் தந்தது யார்?

இந்த எண்களை யார் முடிவு செய்தார்கள் என்று ஐயா கேட்டார். நியாயமான கேள்வி.

1980களின் பிற்பகுதியில் ஜெராக்ஸ், ஆப்பிள் நிறுவனப் பொறியாளர்கள் உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறிமுறை வேண்டும் என்று வேலையைத் தொடங்கினார்கள். 1991 ஜனவரியில் யூனிகோடு கூட்டமைப்பு கலிஃபோர்னியாவில் பதிவானது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடு 1.0-ன் முதல் தொகுதி வெளிவந்தது. இன்னொரு பக்கம் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பும் 10646 என்ற எண்ணில் இதே வேலையைச் செய்து கொண்டிருந்தது. இரண்டு பட்டியல் இருந்தால் ஊர் இரண்டுபடும் என்று உணர்ந்து, இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். நல்ல முடிவு.

இந்திய மொழிகளுக்கு என்ன செய்வது? இந்தியாவில் இஸ்கி என்ற தரம் ஏற்கெனவே உருவாகி இருந்தது. பிராமியில் இருந்து பிறந்த எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை, எழுத்துருவை மாற்றினால் இந்தி தெலுங்காகத் தெரியும், தெலுங்கு தமிழாகத் தெரியும் என்பது அதன் அடிப்படை. இஸ்கியின் 1988-ம் ஆண்டு வடிவத்தை யூனிகோடு எடுத்துக் கொண்டது. நீங்களே சரிபார்க்கலாம். தேவநாகரி 'க' அதன் பகுதி தொடங்கி 21 எண் தள்ளி இருக்கிறது. தமிழ் 'க'வும் 21 தள்ளி, மலையாளக் ககரமும் 21 தள்ளி. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்கு உரிய இடங்கள் தமிழ்ப் பகுதியில் காலியாகக் கிடக்கின்றன. இந்த 128 இடங்களில் 72 மட்டுமே நிரம்பியுள்ளன.

காலி இடத்தால் நமக்கு நஷ்டம் இல்லை. வரிசைதான் தொல்லை. ன, ற, ழ ஆகியவற்றைத் தேவநாகரியில் எழுதிக் காட்ட, அந்த எழுத்தில் புள்ளி வைத்த வடிவங்கள் உண்டு. நகரத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்த நகரம், ரகரத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்த ரகரம். தமிழுக்கும் அதே இடங்கள் வந்தன. அதனால் யூனிகோடு எண்வரிசை இப்படிப் போகிறது: ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படி ஒப்பித்தால் டீச்சர் திருத்துவார். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் 'மலர்' என்ற பெயருக்கு முன் 'மனோகர்' என்ற பெயரை வைக்கும். 'அவல்' என்பதற்கு முன் 'அழகு' வந்துவிடும். அகராதி வரிசையில் இரண்டுமே தவறு.

சிங்களத்துக்கு இப்படி ஆகவில்லை. அது தாமதமாக, 1999-ல் யூனிகோடு 3.0-ல்தான் இடம் பெற்றது. அதற்கு முந்தைய விவாதங்களில் இலங்கைத் தரப்பினரும் கலந்து கொண்டார்கள். இஸ்கியின் அச்சை அப்படியே ஒற்றாமல் அமைந்த பகுதி அது.

கொரிய மொழியின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. கொரியர்கள் தங்கள் அசை எழுத்துகளைத் தனித்தனியாகவே வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். 1996-ல் யூனிகோடு 2.0 வந்தபோது 11,172 அசைகள் முறையான வரிசையில் இடம் பெற்றன. அதற்காக முந்தைய பதிப்பில் இருந்த கொரிய எழுத்துகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. பழைய எண்ணில் எழுதிய கோப்புகள் அர்த்தம் இழந்தன. இந்தக் குழப்பத்தைக் கண்ட பிறகு, ஒரு முறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்துவதும் இல்லை, நீக்குவதும் இல்லை என்ற விதி வந்தது. யூனிகோடு 2.0 முதல் அது பொருந்தும்.

தமிழ்க் கணிமைக்காரர்கள் உலக அளவில் கூடிய முதல் பெரிய மாநாடு, சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97. நடந்தது 1997 மே மாதம். அடுத்தது 1999 பிப்ரவரியில் சென்னையில். கதவு 1996-லேயே சாத்தப்பட்டுவிட்டது! கூடியவர்கள் வீணாகக் கூடினார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்போது ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வோர் இணையதளத்துக்கும் ஒரு குறிமுறை என்று கிடந்தது. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் இன்னொருவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. டிஸ்கி, டாம், டாப் என்ற குறிமுறைகள் அந்த நோய்க்கு மருந்தாக வந்தவை. பின்னவை இரண்டையும் தமிழக அரசு 1999-ல் தரமாக அறிவித்தது. மாநாட்டின் இன்னொரு குழந்தையான தமிழ்99 விசைப்பலகைதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் நீடித்த லாபம். அதில் 'ஔ'வுக்கு இசட் விசையில் தனி இடம் உண்டு. 'ம' அடித்து 'ஔ' அடித்தால் 'மௌ' வந்துவிடும். ளகரத்தின் பக்கம் கை போகவே வேண்டாம்.

யூனிகோட்டிலேயே தமிழைத் திருத்தி அமைக்க வேண்டும், 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. கொரியருக்குப் பதினோராயிரம் கொடுத்தவர்கள் நமக்கு 247 தரக் கூடாதா என்று கேட்டவர்களின் ஆதங்கம் நியாயமானதே. ஆனால் ஐஎஸ்ஓ-வில் ஓட்டு நாடுகளின் தர அமைப்புகளுக்குத்தான். மாநில அரசுக்கோ மொழிக்கோ தனி ஓட்டு கிடையாது. மேலும், ஏற்கெனவே எழுதியவை எல்லாம் குழம்பும் என்ற பதிலுக்கு எதிர்வாதம் சொல்வதும் கடினம். இப்படி உருவான டேஸ்16 என்ற குறிமுறை, யூனிகோட்டில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்த விட்டு வைத்திருக்கும் தனிப்பயன் பகுதியில் இடம் பிடித்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடு, டேஸ்16 இரண்டையும் தரமாக அறிவித்தது. அச்சுத் துறைக்கு அது உதவலாம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் எழுதியதை உங்கள் தங்கையின் கைபேசி காட்டாது.

இன்னும் திறந்திருக்கும் கதவுகள்

எண்கள் உறைந்துவிட்டாலும், அவற்றைச் சுற்றியுள்ள விதிகள் உறையவில்லை. அகர வரிசை, மாதங்களின் பெயர், பணத்தை எழுதும் முறை போன்றவற்றுக்கு சிஎல்டிஆர் என்ற தனிக் களஞ்சியம் உள்ளது. 2004 முதல் யூனிகோடு கூட்டமைப்பு அதைப் பராமரிக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், பிரவுசர்கள் எல்லாம் அதில் இருந்துதான் எடுத்துக் கொள்கின்றன. 'மலர்' முதலில், 'மனோகர்' பிறகு என்று சரியாக அடுக்கும் விதி அங்கே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாத நிரல்தான் தவறாக அடுக்குகிறது. ஒரு லட்சத்தை இந்தியத் தமிழில் 1,00,000 என்றும், சிங்கப்பூர், மலேசியத் தமிழில் 100,000 என்றும் காற்புள்ளி இட வேண்டும் என்பதுகூட அதில் பதிவாகி உள்ளது. இதில் திருத்தம் சொல்ல நீங்கள் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. தன்னார்வலர்கள் கணக்குத் தொடங்கி, தரவு சேகரிக்கும் காலத்தில் தங்கள் மொழிக்கான சொற்களைத் தரலாம், மற்றவர் தந்ததற்கு ஓட்டுப் போடலாம்.

புதிய எழுத்துகளுக்கும் வழி உண்டு. ஆதாரங்களோடு முன்மொழிவு அனுப்பினால் பரிசீலிக்கிறார்கள். 2019-ல் யூனிகோடு 12.0-ல் தமிழுக்கு இரண்டாவதாக ஒரு பகுதி கிடைத்தது. பழைய கணக்குச் சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் வரும் பின்னங்கள், அளவைக் குறிகள் என 51 குறிகள் அதில் சேர்ந்தன. 320-ல் ஒரு பங்கான முந்திரிக்கும், 80-ல் ஒரு பங்கான காணிக்கும் இன்று எண் உண்டு. ஐயா இதைக் கேட்டுத்தான் மிகவும் சந்தோஷப்பட்டார்.

உங்கள் கோப்பைச் சரி செய்ய

இனி நம் வீட்டு வேலை. 'ஒள' என்று இருப்பதை எல்லாம் ஒரே அடியாக 'ஔ' என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்து விடாதீர்கள்! 'ஒளி' என்ற சொல்லிலும் ஒகரமும் ளகரமும்தான் அடுத்தடுத்து இருக்கின்றன. மொத்தமாக மாற்றினால் உங்கள் கோப்பில் உள்ள ஒளி எல்லாம் புள்ளி வட்டத்தோடு கூடிய ஏதோ ஓர் உருவமாகிவிடும். 'கெள' என்பதை மாற்றினால் கெளுத்தி மீன் சிதையும். 'மெள' என்பதை மாற்றினால் 'மெள்ள' போய்விடும். 'வெள' என்பதைத் தொட்டால் வெளியும் வெளிச்சமும் காலி.

ஆகவே முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக் கொள்ளுங்கள். பிறகு 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' வசதியில் இரண்டு எழுத்தாகக் கொடுக்காமல், அடுத்து வரும் எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். 'ஒளவை' என்பதை 'ஔவை' என்று மாற்றுங்கள். 'மெளன' என்பதை 'மௌன' என்றும், 'கெளர' என்பதை 'கௌர' என்றும், 'பெளர்' என்பதை 'பௌர்' என்றும், 'செளந்' என்பதை 'சௌந்' என்றும் மாற்றலாம். முதலில் தருவது ளகரம் போட்டது, இரண்டாவது அசல் ஔகாரம். இரண்டும் பெட்டிக்குள் ஒரே மாதிரி தெரியும் என்பதால், டைப் செய்தவுடன் பேக்ஸ்பேஸ் சோதனையை ஒரு முறை செய்து கொள்வது நல்லது. 'ரீப்ளேஸ் ஆல்' வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள். சௌந்தரராஜன், கௌரி, பௌர்ணமி என்று உங்கள் முகவரிப் பட்டியலில் எத்தனை பேர் இப்படி ஒளிந்திருக்கிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 'ஸ்ரீ'க்கும் இதே வழிதான். ஒரு பெயரில் உள்ள 'ஸ்ரீ'யை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். எந்தெந்த ஸ்ரீ அகப்படாமல் நிற்கிறதோ, அதன் மேல் இதையே ஒட்டிவிடுங்கள்.